வடக்கே போன பானை

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தை நிலா தீர்மானித்துக்கொண்டிருந்தது. இதைக் கவிதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவுக்குக் கிடர்பூர் கப்பல்துறையில் வேலை. ஹூக்ளி ஆற்றில் கடல் ஏறி வரும் நேரத்தில்தான் துறையின் பெரிய கதவுகளைத் திறந்து கப்பல்களை உள்ளே விடுவார்கள். அந்த ஏற்றம் எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரம் என்பதைக் கரும்பலகையில் எழுதிவைத்துவிட்டு, கதவருகே நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பது அப்பாவின் உத்தியோகம். ஏற்றமோ நாளுக்கு முக்கால் மணி நேரம் தள்ளித் தள்ளி வரும். ஆகவே அப்பா ஒருநாள் காலை ஐந்து மணிக்குச் சோறு சாப்பிடுவார். அடுத்த வாரம் அதே சோற்றைப் பதினோரு மணிக்குச் சாப்பிடுவார். பவானிபூரில் எங்கள் சந்திலிருந்த வங்காளிக் குடும்பங்களோ, மதராசிகள் என்றாலே இப்படித்தான் நேரங்கெட்ட நேரத்தில் சாப்பிடுவார்கள் போலும் என்று நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தன.

ஏற்றம் இறக்கம் எல்லாவற்றையும் வருடம் முழுவதற்கும் கணித்து அச்சிட்ட புத்தகம் ஒன்று சமையலறை ஆணியில் தொங்கும். அதைப் படிக்க எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அடுத்தபடி அக்காவுக்குத் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பாவின் டிபன் டப்பாவை எத்தனை மணிக்குக் கட்டவேண்டும் என்று அம்மா கேட்டுக் கேட்டு, அக்கா தானாகவே படிக்கப் பழகிவிட்டாள். எனக்கு அது தெரியாது. அந்தக் காலத்தில் நான் உலகப் புகழ்பெற்ற கோல்கீப்பர் ஆவதாக இருந்தேன். ஆற்றைப் பற்றித் தெரிந்துகொள்ள நேரம் இல்லை.

எனக்குப் பதிமூன்று வயதும் அக்காவுக்குப் பதினாறும் நடந்துகொண்டிருந்த ஓர் ஆவணி மாதத்தில், குளித்துவிட்டு வெளியே வந்த அப்பா வாசற்படியைத் தாண்டாமலே விழுந்துவிட்டார். டாக்சி பிடித்து ஏற்றியபோதே முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். மறுநாள் காளிகாட் பக்கத்து மின்சுடுகாட்டில் தகனம். எனக்கு மொட்டை அடித்து, வேட்டி கட்டி, முன்னால் நிறுத்தினார்கள்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் துக்கம் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் துக்கத்தின் ஓரத்தில் கொஞ்சம் பெருமையும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவரை என்னை ஜன்னல் உடைக்கிறவனாக மட்டுமே அறிந்திருந்த தெரு, இப்போது வழிவிட்டு நின்றது. நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளி மாமி என் மொட்டைத் தலையைத் தடவி, "ஆஹா ரே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நானும் கூடவே அழுதேன். அழுது முடித்ததும் சந்தேஷ் என்கிற பால் இனிப்பைக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

அக்கா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டாள், அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தாள், அப்பாவின் செருப்பை எங்கேயோ எடுத்து வைத்தாள். "பொம்பளப் புள்ள, கல்லு மாதிரி இருக்காளே" என்று சொந்தக்காரப் பெண்மணி ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. அந்தப் பெண்மணிக்கும் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தகனத்துக்கு மறுநாள் மாலை பெரியப்பா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். அப்பாவின் அண்ணன். திருவையாற்றுப் பக்கத்தில் காவிரியை ஒட்டி வீடு. இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்தும் தம்பி முகத்தைப் பார்க்க முடியாமல் போன ஆற்றாமையை, அவர் அதிகாரமாக மாற்றிக்கொண்டார். வீட்டுக்குள் காலை வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "அஸ்தி எங்க?" என்பது. இரண்டாவது கேள்வி, "ஆறு எத்தன தூரம்?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நல்ல நேரம் என்று அவரே குறித்தார். ஏழு மணிக்கே அஸ்திப் பானையை எடுத்து வைத்து வெள்ளைத் துணியால் வாய் கட்டினார். அவர் கட்டிய கட்டைப் பார்த்தால் பானைக்குள் அப்பா அல்ல, தப்பியோடக்கூடிய ஏதோ இருக்கிறதென்று தோன்றும். அக்கா கதவருகே வந்து நின்றாள்.

"நானும் வரேன் பெரியப்பா."

"பொண்ணுங்க வரக் கூடாதும்மா. தம்பி இருக்கான்ல."

அவள் உள்ளே போய்விட்டாள். தம்பி ஆகிய நான் மொட்டைத் தலையை நிமிர்த்திக்கொண்டேன்.

பாபுகாட் படித்துறையில் வைத்துப் பெரியப்பா எனக்கு விதிமுறைகளைச் சொன்னார். "இடுப்பளவு தண்ணியில நில்லு. பானையைத் தோளுக்கு மேல பின்னால விடு. விட்டதும் ஏறி வந்துரு. ஒரு வார்த்த பேசாத. திரும்பிப் பாக்கவே பாக்காத. பாத்தியோ, அப்பன் கடலுக்குப் போகாம ஒன் பின்னாடியே வூட்டுக்கு வந்துருவான்."

நான் இறங்கினேன். பெரியப்பா என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மேற்படியில் நின்றார். பக்கத்தில் கட்டியிருந்த படகிலிருந்து ஒரு படகுக்காரர் எழுந்து, "ஜோயார், தாதா! ஜோயார் சோல்சே!" என்று கைகாட்டிக் கத்தினார். ஏற்றம் ஓடுகிறது, இப்போது விடாதீர்கள் என்று அர்த்தம். எனக்கு நன்றாகப் புரிந்தது. பெரியப்பாவுக்குப் புரியவில்லை. "படகு சவாரிக்குக் கூப்புடுறான். கண்டுக்காத" என்றார். ஒரு வார்த்தை பேசக் கூடாது என்ற உத்தரவு அமலில் இருந்ததால் நான் மொழிபெயர்க்கவில்லை. கடமை என்று வந்துவிட்டால் நான் அப்படித்தான்.

பானையைத் தோளுக்கு மேல் பின்னால் விட்டேன். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. இரண்டு படி ஏறினேன்.

அந்த இரண்டு படிக்குள் எனக்குள்ளே ஒரு கேள்வி எழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா வீட்டுக்கு வந்துவிடுவார் என்கிறாரே, அதை ஏன் இவர் ஒரு மிரட்டலாகச் சொல்கிறார்? வரட்டுமே. வந்தால் என்ன?

திரும்பிப் பார்த்தேன்.

பானை மூழ்கவில்லை. பெரியப்பாவின் கட்டு அப்படி. கழுத்துவரை வெளியே நீட்டிக்கொண்டு, வெள்ளைத் துணி பளிச்சென்று தெரிய, வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. போனது கடல் இருக்கும் தெற்குப் பக்கம் அல்ல. வடக்கே, ஹவுரா பாலத்தை நோக்கி, ஆறு பிறந்து வரும் திசையில், யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல.

நான் பார்த்துவிட்டேன்; ஆறு திரும்பிவிட்டது.

சிரிக்காதீர்கள். கப்பல்துறையில் தண்ணீர் பார்த்துச் சம்பாதித்த மனிதனின் மகன் நான். அந்த ஆறு தினமும் இருமுறை இப்படித் திரும்பி ஓடுவதை நூறு முறையாவது கேட்டிருப்பேன். பானையைக் கண்ட அந்தக் கணத்தில் எல்லாம் அழிந்துபோய், பெரியப்பா சொன்ன விதி ஒன்று மட்டும் மூளையில் எஞ்சியிருந்தது. பெரியப்பாவிடம் சொல்லவும் வழியில்லை. பானை வடக்கே போகிறது என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அவரோ ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி படியேறிக்கொண்டிருந்தார். "ஆத்துல விட்டாச்சு. ஆறு கடல்ல கொண்டு சேத்துரும்" என்றார். வருடத்தில் பாதி நாள் மணல் மட்டுமே ஓடும் ஆற்றின் கரையிலிருந்து வந்தவர். இருந்தாலும் அது ஓடும்போது ஒரே பக்கம்தான் ஓடும்.

வீட்டுக்கு வந்ததும் இலை போட்டார்கள். சாப்பிடவில்லை. மொட்டை மாடியில் துணி காயும் கொடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அக்கா வந்தாள்.

"என்னடா? அப்பளம் பொரிச்சது கூட வேணாமா?"

சொல்லிவிட்டேன். பானை, பாலம், திரும்பிப் பார்த்தது, எல்லாம். அப்பா கடலுக்குப் போக முடியாமல் வடக்கே போய்விட்டார், நான்தான் காரணம், அவருக்கு இனிமேல் போய்ச்சேர இடமே கிடையாது என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. மாஷிமாவோடு சேர்ந்து அழுத அழுகை வேறு. இது வேறாக இருந்தது. இதற்கு யாரும் சந்தேஷ் தர மாட்டார்கள் என்று எனக்கே தெரிந்தது.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ பாத்ததால ஆறு திரும்பிருச்சா? அவ்ளோ பெரிய ஆளாடா நீ?"

"அப்புறம் ஏன் வடக்க போச்சு?"

"எத்தன மணிக்கு விட்டீங்க?"

"ஒம்போது."

கீழே போனாள், நானும் பின்னாலேயே போனேன். சமையலறை ஆணியிலிருந்த புத்தகத்தைப் பிரித்து விரலை வைத்துப் பார்த்தாள். உதடு அசைந்தது. பிறகு புத்தகத்தைத் தாவணிக்குள் செருகிக்கொண்டு, கூடத்தில் சாய்ந்திருந்த அம்மாவிடம் போனாள்.

"அப்பா ஆபீஸ் சாவி ஒண்ணு இங்கயே இருக்கும்மா. குடுத்துட்டு வந்துடறோம்."

அப்படி ஒரு சாவி இல்லை. அம்மா அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். அந்த வீட்டிலிருந்த சாவியெல்லாம் அம்மாவுக்குத் தெரியும். "மழ வரும். கொடய எடுத்துக்க" என்றாள்.

பதினொன்றே காலுக்குப் படித்துறையில் இருந்தோம். ஆறு இன்னும் வடக்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மேற்படியில் உட்கார்ந்து பக்கத்தைத் தட்டிக் காட்டினாள்.

"பதினொண்ணரைக்கு ஏத்தம் முடியும். ஆனா உசரம் நின்னாலும் ஓட்டம் ஒடனே நிக்காது. இன்னும் அரை மணி மேலயே போகும்னு அப்பா சொல்லுவாரு. அப்புறம் திரும்பும். மூணு மணி நேரம் மேல போன பானை திரும்பி இதே எடத்துக்கு வர, மூணு, மூணரை ஆகும்."

"நிச்சயமா வருமா?"

"ஆறு வந்தா அதுவும் வரும்."

உட்கார்ந்தோம். காகிதப் பொட்டலத்தில் வறுகடலை வாங்கி வந்தாள். நான் ஆற்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்றுவரை எனக்குத் தெரியாத விஷயம், ஓர் ஆற்றில் உருண்டையான பொருட்கள் எத்தனை மிதக்கின்றன என்பது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று, "அதோ அப்பா!" என்றேன்.

"அது தேங்கா."

"இது?"

"அது பந்து. வாய மூடிட்டு உக்காரு."

பன்னிரண்டு மணி சுமாருக்கு முதலில் நின்றது சத்தம். படிக்கட்டின் விளிம்பில் தண்ணீர் தளக் தளக்கென்று மோதிக்கொண்டிருந்தது. அது எப்போது ஓய்ந்தது என்று தெரியவில்லை. ஓய்ந்த பிறகுதான் அப்படி ஒரு சத்தம் இருந்ததே தெரிந்தது. வரிசையாக வடக்கே போய்க்கொண்டிருந்த ஆகாயத்தாமரைக் கூட்டங்கள் தயங்கின. காகம் ஒன்று உட்கார்ந்திருந்த கட்டை எங்களுக்கு நேர் எதிரே வந்து நின்றது. நின்றது என்றால், நின்றேவிட்டது. அத்தனை பெரிய ஆறு, அரை மைல் அகலம், அதன்மேல் மழைமேகத்தின் நிழல், எதுவும் எந்தப் பக்கமும் போகவில்லை. தண்ணீரின் மேல் எண்ணெய் ஊற்றி இழுத்துக் கட்டியதுபோல ஒரு மினுமினுப்பு. படகுக்காரர்கள்கூடப் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நான் மூச்சை விட்டால் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்துவிடும் என்று பயந்து, பிடித்து வைத்திருந்தேன்.

நடு ஆற்றில் நங்கூரம் போட்டிருந்த ஒரு பெரிய இரும்புத் தோணி, காலையிலிருந்து தெற்கே மூக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. அது அசைந்தது. யாரும் தொடவில்லை, எஞ்சின் ஓடவில்லை. பந்தியில் உட்கார்ந்த பெரியவர் சம்பந்தியின் பக்கம் திரும்புவதுபோல மெல்ல, மிக மெல்ல, அவ்வளவு இரும்பும் ஒரு முழு அரைவட்டம் சுற்றி, வடக்கே பார்த்து நின்றது. காகம் உட்கார்ந்த கட்டை ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு ஒரு சாண். பிறகு தெற்கே கிளம்பிப் போயேவிட்டது. காகம் எழுந்திருக்கவேயில்லை. படித்துறை எங்கும் கயிறு அவிழ்க்கும் சத்தமும் துடுப்புச் சத்தமும் கேட்டன. அந்த நேரத்துக்காகவே காத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போதுதான் கண்டேன்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிருந்தது. கோயிலில், தீபாராதனையில், வேறு எங்கும் எனக்கு அப்படி ஆனதில்லை. ஆறு திரும்பும் என்பதை நூறு முறை கேட்டவனுக்கு அது திரும்பும்போது எப்படி இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கோல் கம்பத்தடியில் இருந்திருப்பேன்.

"அப்பா தெனம் இதத்தான்டா பாத்தாரு" என்றாள் அக்கா.

பள்ளிக்கூடத்தில் தந்தையின் தொழில் என்ற இடத்தில் நான் எப்போதும் குமாஸ்தா என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

பிறகு மழை வந்தது. ஒரு குடைக்குள் இருவரும் உட்கார்ந்தோம். அவள் என் பக்கம் குடையைச் சாய்த்திருந்ததால் எனக்கு நனையவில்லை.

"மூணரைக்கு இங்க வருவாரு. அப்புறம் நேரா கடலா?" என்று கேட்டேன்.

"இல்லடா. கடல் ரொம்ப தூரம். பொழுது சாஞ்சப்புறம் மறுபடி ஏத்தம் வரும்."

"மறுபடி திரும்பி வருவாரா?"

"வருவாரு. ஆனா இன்னிக்கு வந்த அளவு வர மாட்டாரு. மழக்காலத்துல இறக்கம்தான் நீளம். கொஞ்சம் கீழயே நின்னுடுவாரு. நாளைக்கு அதவிடக் கீழ."

"எத்தன நாள் இப்படி?"

அக்கா புத்தகத்தைத் திறக்கவில்லை. "அது இதுல போட்டிருக்க மாட்டாங்க" என்றாள்.

மூன்றரையும் ஆயிற்று. மழை விட்டு, தண்ணீர் செம்மண் நிறத்தில் தெற்கே சீறிக்கொண்டு போனது. எனக்குக் கண் வலித்தது. ஆகாயத்தாமரை, கட்டைகள், ஒரு மூங்கில் கூடை, யாரோ விட்ட சாமந்தி மாலை. வெள்ளைத் துணி எதுவும் இல்லை. கைவிட்டுவிடுவேன் என்ற நிலையில் அக்கா எழுந்து நின்றாள். நடு ஆற்றைத் தாண்டி அக்கரைப் பக்கமாகக் கையை நீட்டினாள்.

"அதோ."

"எங்க?"

"தோணிக்கு அந்தாண்ட. தெரியல?"

தெரியவில்லை. பிறகு, கண்ணை இடுக்கிப் பார்த்தபோது, ஏதோ ஒன்று தெரிந்தது. புள்ளி. உருண்டையா, வெளுப்பா என்று இன்று என்னிடம் சத்தியம் கேட்டால் செய்ய மாட்டேன். எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. மண்பானையின் வாயில் கட்டிய துணி எத்தனை நிமிடத்தில் ஊறும், ஊறினால் பானை என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிந்துவிட்ட வயது. அன்று எனக்கு அது அப்பா. கைகூப்பினேன். அது தெற்கே, நல்ல வேகத்தில், கிடர்பூர் துறையின் கதவுகள் இருக்கும் திசையில் போய் மறைந்தது. நெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது. இறங்கியதும் அந்த இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது.

"அக்கா, போலாம்" என்று திரும்பினால் அவள் பக்கத்தில் இல்லை. படிகளில் இறங்கி, முழங்கால் தண்ணீரில், பாவாடை நனைய, தெற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினாள், விட்டாள். மறுபடி அள்ளினாள், விட்டாள். மூன்றாவது முறை அள்ளியதை விடவில்லை. விரலிடுக்கு வழியாகத் தானே ஒழுகித் தீரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"கடல தின்ன கையக் கழுவ இவ்ளோ நேரமா?" என்று மேலிருந்து கத்தினேன். "எனக்குப் பசிக்குது!"

சற்று நேரம் கழித்து ஏறி வந்தாள். "வாடா" என்றாள். அவ்வளவுதான்.

பேருந்தில் நல்ல கூட்டம். என் மொட்டைத் தலையையும் வெள்ளை வேட்டியையும் கண்ட நடத்துநர், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு கனவானின் தோளைத் தட்டி, பையனுக்கு அப்பா போயிருக்கிறார், கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று வங்காள மொழியில் சொன்னார். கனவான் பதறி எழுந்தார். சுற்றியிருந்தவர்கள் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். துக்கத்துக்கு உரிய கம்பீரத்தோடு நான் உட்கார்ந்துகொண்டேன். அக்கா, முழங்கால்வரை நனைந்த பாவாடையோடு, ஒரு கையில் என் குடையும் மறு கையில் கம்பியுமாகப் பவானிபூர் வரும்வரை நின்றுகொண்டே வந்தாள். அவளுக்கும் அப்பா போயிருந்தார் என்பது அந்த நடத்துநருக்குத் தெரிய வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் தோன்றவில்லை.